இரண்டே முக்கால் பஸ்

காலை ஓட்டம் பத்தரைக்கு முடியும்.
பின்னேர ஓட்டம் இரண்டே முக்காலுக்கு.
நடுவில் கிடக்கிற நாலேகால் மணித்தியாலத்துக்குச்
சம்பளம் இல்லை.
வீட்டுக்குப் போய்வந்தால் பெற்றோல் காசும் மிஞ்சாது.
ஆகவே படம் பார்க்கிறேன்,
டண்டினோங்கில், செவ்வாய்களில், அரைவிலைக்கு,
சீருடைக்கு மேலே கறுப்பு ஜம்பரை மாட்டிக்கொண்டு.

என் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை.
கேட்காவிட்டாலும் இருக்கிறது.

பேய்ப்படத்தில் ஒரு குடும்பம்
கூரைக்குள் எட்டிப் பார்க்காமல் வீடு வாங்குகிறது.
மெல்பேர்ணில் ஏலத்தில் நின்றவன் எவனும் இதை நம்பமாட்டான்.
கறையான் அறிக்கைக்கே நாங்கள் அறுநூறு டொலர் கட்டினோம்.
வத்சலாவிடம் கதையைச் சொன்னேன்.
எத்தனை அறை என்று கேட்டாள்.
நாலு என்றேன்.
"அந்த விலைக்குப் பேயோடு இருக்கலாம்."

பறக்கிற மனிதர்களின் படத்தில்
மூன்று பஸ்களைத் தூக்கி எறிந்தார்கள்.
எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஒன்றிலும் சாரதி இல்லை.
நடு ரோட்டுக்கு அதை யார் ஓட்டிவந்தது?
பிறேக் போட்டுவிட்டு எங்கே போனான்?
அவனைப் பற்றி ஒரு படம் எடுத்தால்
முழு விலை கொடுத்துப் பார்ப்பேன்.

ஒரு குளிர்தேசத்துப் படம்.
ஒரு கிழவர் காணாமல்போன ஆட்டைத் தேடுகிறார்.
தியேட்டரில் ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் நித்திரை,
ஒருவன் நான்.
கண் விழித்தபோதும் ஆடு கிடைத்திருக்கவில்லை.
நேர்மையான படம்.

நம்முடைய படமும் வந்தது.
நாயகன் புழுதி கிளம்ப இறங்கியபோது
பின்வரிசையில் ஒருவன் விசிலடித்தான்,
உடனே வெட்கப்பட்டு இருமினான்.
நாயகி இரண்டாம் பாட்டோடு எங்கோ போய்விட்டாள்.
திரையில் பெரிதாக 'இடைவேளை' என்று விழுந்தது.
இங்கே இடைவேளை விடுவதில்லை.
எழும்பிய நாலு பேரும் அப்படியே திரும்பி இருந்தோம்.

ஒன்றை மட்டும் இருபதாவது நிமிடத்தில் விட்டு வந்தேன்.
படத்தில் பிழை இல்லை.
ஹெலி முதலில் பின்சுவரிலிருந்து வந்தது,
பிறகு இடது காதுக்கு மேலே,
பிறகு நேரே தலைக்கு மேலே நின்றது.
வெளியே வந்துதான் கவனித்தேன்,
பொப்கோர்ன் பெட்டி கையில் நசுங்கிக் கிடந்தது.
அபிப்பிராயம்: ஒலியமைப்பு அருமை.

காதல் படத்தில் அவளுடைய பஸ் முந்திப் போய்விடுகிறது,
அதனால் ஏழு வருடம் பிரிகிறார்கள்.
எனக்கு அது தனிப்பட்ட விஷயமாகப் பட்டது.
மறுநாள் நோபிள் பார்க்கில் ஒரு பெட்டை
ஒரு சப்பாத்தைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தாள்.
நாற்பது செக்கன் நின்றேன்.
ஏறியவள் நன்றியும் சொல்லவில்லை,
கைபேசியில் யாருக்கோ ஏசிக்கொண்டு போனாள்.

படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை:
முதற்காட்சி பன்னிரண்டுக்கு.
விளம்பரம் இருபது நிமிடம்.
இரண்டேகாலுக்கு நான் எழும்பியாக வேண்டும்.
இரண்டரை மணித்தியாலத்துக்கு எடுத்தீர்களென்றால்
உங்கள் முடிவு எனக்கு இல்லை.

முடிவுகளை டெப்போவில் கோரன் சொல்லுவான்.
ஞாயிறு லீவில் எல்லாப் படமும் பார்க்கிறவன்.
கோப்பியை ஆற்றி ஆற்றி, கண்ணை மூடி, விபரமாகச் சொல்லுவான்.
காதல் படத்தில் அவள்
ஒரு பல் வைத்தியரைக் கட்டிக்கொண்டு போனதாகச் சொன்னான்.
இரண்டு நாள் மனம் சரியில்லை.

பிறகு வத்சலா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.
மழையில் சேருகிறார்களாம்.
பல் வைத்தியர் என்று ஒருவரே இல்லையாம்.

கோரனைப் பிடித்துக் கேட்டேன்.
கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னான்:
"அவங்கள் வைத்த முடிவு சரியில்லை.
திருத்தினேன்."

இன்று இரண்டே முக்கால் பஸ்ஸில்
பள்ளிக்கூடப் பெடியன் ஒருவன் பின்சீற்றில் நின்று
நான் பாதியில் விட்டுவந்த படத்தைக்
கத்திக் கதை சொல்லிக்கொண்டு வந்தான்.
கிளைமாக்ஸுக்குக் கிட்ட வந்துவிட்டான்.
மணி அடித்தது.
அவனுடைய தரிப்பு.

கதவைத் திறந்தேன். இறங்கினான்.
கொஞ்சம் கூடுதலாகத்தான் திறந்து வைத்திருந்தேன்.
பிறகு வலப்பக்கச் சிக்னலைப் போட்டேன்.